ஃபாஸ்ட்ஏபிஐ: ஆவணம் கோடுக்குள்ளேயே இருக்கட்டும்

ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வழி) ஆவணத்தைத் தனி வேர்ட் ஃபைலில் எழுதி வைப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கோட் மாறும், ஃபைல் அப்படியே கிடக்கும். பைத்தானில் ஏபிஐ எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐயைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தலைவலி தேவையே இல்லை. கோடிலிருந்தே அது ஆவணத்தை உருவாக்கிவிடும்.

ஃபங்ஷன் தொடங்கியதும் மூன்று மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் டாக்ஸ்ட்ரிங்தான் ஆவணத்தில் விளக்கமாகப் போகும். ஹேஷ் போட்டு எழுதும் கமெண்ட் போகாது. அது நமக்கு மட்டும். மார்க்டவுனும் எழுதலாம். சர்வரை ஓடவிட்டு, முகவரியின் கடைசியில் ஸ்லாஷ் போட்டு டாக்ஸ் (/docs) என்று அடித்தால் ஆவணத்தைக் காட்டும் ஸ்வாக்கர் பக்கம் திறக்கும். தலைப்பு ஃபங்ஷன் பெயரிலிருந்தே வரும். 'கெட் ஆர்டர்' என்றால் சரி. 'டெஸ்ட் டூ' என்று வைத்தால் ஊருக்கே அதுதான் தெரியும்.

பலரும் கோட்டை விடுவது பிழைகளில்தான். ஃபங்ஷனுக்குள் 404 (கேட்டது இல்லை என்ற பிழை) எறிந்தாலும் ஆவணத்தில் அது வராது. வெற்றிக்கான 200, உள்ளீடு தவறினால் வரும் 422, இவை மட்டுமே தானாக வரும். மீதியை, ஃபங்ஷனுக்கு மேலே @ போட்டு எழுதும் டெக்கரேட்டரில் ரெஸ்பான்ஸஸ் (responses) என்ற இடத்தில் நாமே கொடுக்க வேண்டும்: 404, அதற்கு டிஸ்கிரிப்ஷன் "இந்த எண்ணில் ஆர்டர் இல்லை". மொபைல் ஆப் எழுதுபவர் முதலில் கேட்பதே இதைத்தான்.

டீமுக்கு மட்டுமான குறிப்பும் டாக்ஸ்ட்ரிங்கில் வேண்டுமா? நடுவில் பேக்ஸ்லாஷ் எஃப் (\f) போடுங்கள். அதற்குக் கீழே உள்ளது ஆவணத்துக்குப் போகாது.

அப்புறம், ஆவணத்தை வெளியே காட்டக் கூடாத சர்வர் என்றால், ஆப்பை உருவாக்கும்போதே ஆவணத்தின் மூலத் தரவு கிடைக்கும் முகவரியான ஓபன்ஏபிஐ யூஆர்எல்லுக்கு (openapi_url) 'நன்' (None, அதாவது எதுவும் இல்லை) கொடுத்துவிடுங்கள். ஸ்வாக்கர் பக்கமும் சேர்ந்தே மூடிக்கொள்ளும்.