நனைந்து உப்பிய அட்டைக் காய்களைச் சீர்செய்யும் முறை

பலகை விளையாட்டுகளின் அட்டைக் காய்கள் பெரும்பாலும் சாம்பல் நிறக் கூழட்டையின் இருபுறமும் அச்சிட்ட தாளை ஒட்டி, பிறகு வெட்டி எடுக்கப்பட்டவை. வெட்டு விளிம்பில் எந்தப் பூச்சும் இல்லாததால் நீர் அங்கேதான் முதலில் புகும். உள்ளிருக்கும் நார்கள் உப்ப, பசை இளகி, மேல்தாள் ஓரத்திலிருந்து பிரியத் தொடங்கும்.

காய்கள் ஈரத்தோடு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், காயும்வரை காத்திருக்கக் கூடாது. வழவழப்பான பூச்சுள்ள தாள்கள் அப்படியே காய்ந்துவிட்டால் பிறகு அச்சு கிழியாமல் பிரிப்பது அரிது; ஆகவே ஈரமாக இருக்கும்போதே மழுங்கிய மெல்லிய கத்தியை இடையில் நுழைத்து மெதுவாகப் பிரிக்க வேண்டும். ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் தலைகாட்டக்கூடும் என்பதால், உடனே கவனிக்க முடியாத அளவுக்குக் காய்கள் இருந்தால் நெகிழிப் பையில் இட்டு உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேலை செய்யலாம்.

ஈரத்தைத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். துடைத்தால் ஊறிய மேல்தாள் திரிந்து உரியும். பிறகு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே காய்களைப் பரப்பி, மேலே தட்டையான பலகையும் கனமான புத்தகங்களும் வைத்து, தாள் ஈரமாகும்போதெல்லாம் மாற்றிவர வேண்டும். முடி உலர்த்தியின் சூடான காற்று வேலையை விரைவுபடுத்துவது போலத் தோன்றினாலும், ஒரு பக்கம் முந்திக் காய்ந்து காய் வளைந்துவிடும்.

முழுவதும் காய்ந்த பிறகே பசையைத் தொட வேண்டும். பிவிஏ எனப்படும் வெள்ளைக் கைவினைப் பசையை மெல்லிய தாள் கீற்றில் தடவி, பிரிந்த இடுக்கின் ஆழம்வரை நுழைத்து இழுத்தால் பசை சீராகப் படியும். கூடுதலாக இட்டால் அதிலுள்ள நீரே அட்டையை மறுபடி ஊறவைக்கும். பிதுங்கிய பசையைத் துடைத்து, இம்முறை உறிஞ்சுதாளுக்குப் பதிலாக, கேக் சுடும் தட்டில் விரிக்கும், பசை ஒட்டாத தாளுக்கு நடுவே வைத்து ஒரு நாள் அழுத்தத்தில் விடுங்கள். சிலும்பி நிற்கும் விளிம்பில் நீர் கலந்த பசையை மிக மெல்லிதாகப் பூசி, காய்ந்ததும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும். நிறம் போன இடத்தை வண்ணப் பென்சிலால் நிரப்பலாம், நீர்வண்ணம் வேண்டாம்.

உப்பிய அட்டை பழைய தடிமனுக்கு முழுமையாகத் திரும்புவது அரிது. திறந்து வைத்து ஆடும் காய்களில் அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, அழகுக்காக மேலும் மெனக்கெட வேண்டியதும் இல்லை. ஆனால் கவிழ்த்து வைக்கும் காய்களிலும் பைக்குள் கைவிட்டு எடுக்கும் காய்களிலும் ஒரு கறையோ மேடோ ஆட்டத்தையே காட்டிக்கொடுக்கும். விரலால் தடவி அடையாளம் காண முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். அப்படி அடையாளம் காண முடிந்தால், பழுதான காயை மட்டுமல்லாமல் அந்தத் தொகுதி முழுவதையும் ஒரே அளவுள்ள நாணயக் கூடுகளில் (நாணயம் சேகரிப்போர் பயன்படுத்தும் நெகிழி உறைகளில்) இட்டு, கூடுகளின் பின்புறம் ஒரே நிறத் தாளை ஒட்டிவிடுவதே நேர்மையான தீர்வு.