ஏர் ஃபிரையர் பராமரிப்பு: கூடையிலிருந்து மேலே உள்ள கம்பி வரை

ஏர் ஃபிரையருக்குள் அப்பளத்தைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விசிறி சுழலத் தொடங்கியதும் அப்பளம் எழும்பிப் போய், மேலே இருக்கும் கம்பியில் ஒட்டிக்கொண்டு கருகும். கறிவேப்பிலையும் அப்படித்தான். இவையெல்லாம் நம் கண்ணில் படுபவை. கண்ணில் படாமல் பறப்பது எண்ணெய்த் துளி. வஞ்சிரம் வறுத்தாலும் கோழி வறுத்தாலும், சுழலும் காற்று கொஞ்சம் கொழுப்பை அள்ளிக்கொண்டு போய் மேலே படியவைக்கிறது. கூடையைப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்துவைக்கும் வீடுகளில்கூடச் சில மாதங்களில் இயந்திரம் புகையத் தொடங்குவது இதனால்தான்.

புதிதாக வாங்கியவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூடைக்கு மேலே, சுருளாக வளைத்த ஒரு சூடேற்றும் கம்பி இருக்கிறது. கடைக்காரர்கள் இதைக் காயில் என்பார்கள். அதற்கும் மேலே விசிறி. காயிலின் சூட்டை விசிறி கீழே தள்ள, சூடான காற்று கூடையைச் சுற்றி இறங்கி மறுபடி மேலே ஏறுகிறது. உணவு வைக்கும் ஓட்டைத் தட்டு, அதைத் தாங்கும் வெளிக்கூடை, இவை இரண்டும் கழற்றக்கூடியவை. மின்சாரப் பகுதிகள் உள்ள உடல் பாகத்தைத் தண்ணீரில் முக்கக் கூடாது. குழாய்க்கு அடியில் காட்டவும் கூடாது.

கையில் என்ன வேண்டும்

பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான ஸ்பாஞ்சு, பழைய பல் துலக்கும் பிரஷ், இரண்டு பருத்தித் துணிகள், ஆப்பசோடா. வினிகர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு போதும். இதற்கென்று தனியாக விற்கும் சுத்தம் செய்யும் திரவங்களுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

இரும்பு நார், பச்சை நிற நார், சபீனா போன்ற தூள் ஆகியவற்றை ஏர் ஃபிரையர் பக்கமே கொண்டுவராதீர்கள். பெரும்பாலான கூடைகளில் இருப்பது டெஃப்லான் வகைப் பூச்சு. அது சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் சிதையத் தொடங்கும். வீட்டு ஏர் ஃபிரையர்களில் பல 200 டிகிரியோடு நின்றுவிடுகின்றன. ஆகவே சூட்டினால் கெடும் கூடைகளைவிட, சுரண்டிச் சுரண்டியே கெடுபவைதான் அதிகம். பாத்திரம் துலக்க ஆள் வைத்திருப்பவர்கள் இந்தக் கூடையை மட்டும் தொட்டியில் போடாமல் தாங்களே கழுவுவது நல்லது. மற்ற பாத்திரங்களைத் தேய்க்கும் வேகத்தில் இதையும் தேய்த்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

சமைத்த அன்றே செய்ய வேண்டியது

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தது போதாது. பிறகு கூடையை வெளியே இழுத்துவைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு குளிர்ந்த தண்ணீரைப் பிடித்தால் சொய்யென்ற சத்தம் கேட்கும். நாளடைவில் தட்டு வளைந்து, பூச்சும் விட்டுப்போகும்.

ஆறியதும், கூடையின் அடியில் தேங்கிய எண்ணெயைப் பழைய செய்தித்தாளில் துடைத்தெடுத்துக் குப்பையில் போடுங்கள். அதைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைப்புக்கு நாமே வழி செய்துகொடுத்ததாகிவிடும். அடுத்து, கை பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் இரண்டு சொட்டுத் திரவம் கலந்து கூடையில் ஊற்றி, ஓட்டைத் தட்டையும் அதிலேயே போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். ஊறிய மசாலா ஸ்பாஞ்சுக்கே வந்துவிடும். தட்டின் ஓட்டைகளில் சிக்கிய மாவையும் மீன் தோலையும் பிரஷால் அடிப்பக்கத்திலிருந்து தள்ளுங்கள். மேலிருந்து குத்தினால் துணுக்கு இன்னும் இறுகும்.

சில பிலிப்ஸ் மாடல்களில் வெளிக்கூடையின் அடித்தளம் நட்சத்திர மீன் வடிவில் மேடும் பள்ளமுமாக இருக்கும். காற்றைச் சுழற்றி மேலே அனுப்புவதற்கான ஏற்பாடு அது. அந்தப் பள்ளங்களில் பிசுக்கு தேங்கும். விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் இன்னும் போகவில்லை.

தட்டின் ஓரங்களில் சின்னச் சின்னச் சிலிக்கான் மூடிகள் செருகியிருக்கும். தட்டு கூடையில் உரசாமல் காப்பவை இவைதான். கழுவும்போது இவை கழன்று தொட்டிக்குள் விழுவது சாதாரணம். அதைவிட மோசம், பாதி கழன்ற ஒன்று அடுத்த வேளை சாப்பாட்டில் போய் விழுவது. கழுவி முடித்ததும் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒரு முறை எண்ணிவிடுங்கள். மஞ்சள்தூள் பட்டு அவை மஞ்சளாகிப் போனால் தேய்க்க வேண்டாம், ஒரு நாள் வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தைத் தாங்காது, தானாக வெளுத்துவிடும்.

கடைசியாக, துணியால் துடைத்து, ஈரம் முழுவதும் காய்ந்த பிறகே கூடையை உள்ளே தள்ளுங்கள். போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் ஈரத்தோடு விட்டால் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். படிந்துவிட்டால், சம அளவு தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

பழுப்பேறிய பிசுக்கு

சில வாரங்கள் அவசரத்தில் கழுவிய கூடையின் மூலைகளில், சோப்புக்கு அசையாத பழுப்பு நிறப் படலம் ஒன்று தெரியும். எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவித் திரும்பத் திரும்பச் சூடேறும்போது, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து அரக்குப் போல இறுகிவிடுகின்றன. இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக் காயவைத்துப் பழக்குகிறோமே, அங்கே நடப்பதும் இதேதான். கல்லில் அது நமக்கு வேண்டும், இங்கே வேண்டாம்.

மூன்று ஸ்பூன் ஆப்பசோடாவை ஒரு ஸ்பூன் தண்ணீரில் குழைத்துப் பழுப்பு உள்ள இடத்தில் பூசி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு ஈர ஸ்பாஞ்சால் வட்டமாக, அழுத்தாமல் தேயுங்கள். முழுவதும் போகாது. மறுநாள் இன்னொரு முறை செய்யுங்கள். பூச்சு இல்லாத அலுமினியப் பாகங்களில் மட்டும் ஆப்பசோடாவை வைக்க வேண்டாம், அவை கறுத்துப்போகும்.

ஆப்பசோடா மீது வினிகரை ஊற்றிப் பொங்கவைக்கும் காணொளிகள் ஏராளம். நுரையைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு உப்புத் தண்ணீராக நிற்கும். பிசுக்குக்குச் சோடா, வெள்ளை உப்புக்கு வினிகர் என்று தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

இந்தப் படலம் சீக்கிரம் ஏறுவதற்கு இன்னொரு காரணம், அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் டப்பா. அவற்றில் பலவற்றில் லெசித்தின் என்ற கொழுப்பு வகைப் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். அது பூச்சின் மேல் பசை போலப் படிந்து, பிறகு எதற்கும் அசைவதில்லை. கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ சாதாரணப் பம்ப் பாட்டிலில் ஊற்றி, கூடைக்கு வெளியே வைத்தே காய்கறியின் மீது தெளித்துவிடுங்கள்.

காயிலைச் சுத்தம் செய்தல்

பலரும் தொடாமல் விடும் பகுதி இது. மாதம் ஒரு முறை போதும். வாரந்தோறும் மீனும் கறியும் சமைக்கும் வீடென்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்யுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் கழியட்டும். கூடை ஆறினாலும் காயில் ஆறாமல் இருக்கும். மேசையில் ஒரு தடித்த துண்டை விரித்து, கூடையை எடுத்துவிட்ட இயந்திரத்தை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்துவையுங்கள். இப்போது, இதுவரை மேலே இருந்து கண்ணுக்குத் தப்பிய காயில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும். கைபேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள். வளைவுகளின் மறுபக்கத்தில் கறுப்புப் பொருக்கும், எங்கேயாவது கருகிய கறிவேப்பிலை ஒன்றும் இருக்கக்கூடும்.

உலர்ந்த பிரஷால் முதலில் பொருக்கைத் தட்டிவிடுங்கள். கவிழ்த்து வைத்திருப்பதால் உதிர்வது விசிறிப் பக்கம் போய்விடாதபடி, பிரஷை உங்களை நோக்கி இழுத்துத் தேயுங்கள். உதிர்ந்ததை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு திரவம் கலந்த வெந்நீரில் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழிந்து, கம்பியின் வளைவோடு வளைவாகத் துடைத்துக்கொண்டு போங்கள். எதையும் நேரடியாகக் காயில் மீது தெளிக்காதீர்கள். கவிழ்ந்த நிலையில் அந்தத் தண்ணீர் நேராக மோட்டாருக்குத்தான் போகும். சில மாடல்களில் காயில் அருகே மெல்லிய குச்சி போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது சூட்டை அளக்கும் உணரி. அதை வளைத்துவிட வேண்டாம். காயிலுக்குப் பின்னால் இருக்கும் விசிறி இதழ்களை ஸ்குரூ டிரைவரால் நோண்டவும் வேண்டாம்.

துணிக்கு வராத இடத்தில் மட்டும் ஆப்பசோடா பசையைப் பிரஷால் தொட்டு வைத்து, இருபது நிமிடம் கழித்துத் துடையுங்கள். சோடா மிச்சம் இருந்தால் அடுத்த முறை வெள்ளைத் தூளாக உணவின் மேல் உதிரும். அதனால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்தாக வேண்டும்.

இயந்திரத்தை நிமிர்த்தி, கூடையைப் போடாமல் இரவு முழுவதும் திறந்தே வையுங்கள். மறுநாள் ஜன்னலைத் திறந்துவிட்டு, காலிக் கூடையோடு 180 டிகிரியில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். லேசாக ஒரு வாசனை வரும், பிறகு அடங்கிவிடும்.

கண்ணாடிக் கதவு வைத்த அடுப்பு வகை என்றால் காயிலைப் பார்ப்பது இன்னும் எளிது. அதில் எண்ணெய் சொட்டும் தட்டைக் காலியாக வைத்துக்கொள்வதும் கதவின் கீழ் ஓரத்தைத் துடைப்பதும்தான் கூடுதல் வேலை.

கவிச்சி வாடையும் காகிதமும்

மீன் செய்த மறுநாள் பிரெட் சூடாக்கினால் அதிலும் கவிச்சி அடிக்கிறதா? எலுமிச்சை மூடியை உள்ளே வைத்துச் சூடாக்கச் சொல்வார்கள். அது அந்த வேளைக்கு வாசனை மாற்றும், அவ்வளவுதான். வாடை காயிலிலும் உள்சுவரிலும் உள்ள பிசுக்கிலிருந்து வருகிறது. அதைத் துடைத்தால்தான் போகும். எலுமிச்சையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடியில் விரிக்கும் காகிதத் தட்டுகள் கழுவும் வேலையைக் குறைக்கும், ஆனால் காற்றின் வழியையும் அடைக்கும். வாழைக்காய் வறுவலின் அடிப்பக்கம் மொறுமொறுப்பாக வராது. மீனுக்கு மட்டும் காகிதம் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். உணவு வைக்காமல் வெறும் காகிதத்தோடு முன்கூட்டியே சூடேற்றுவது ஆபத்து. அது அப்பளத்தைப் போலவே பறந்து காயிலில் பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். பஜ்ஜி மாவு போன்ற நீர்த்த மாவும் ஏர் ஃபிரையருக்கு ஒத்துவராது. அது ஓட்டை வழியே வழிந்து அடியில் பிடித்துக்கொள்ளும். பஜ்ஜிக்கு வாணலிதான்.

வைக்கும் இடமும் பிளக்கும்

1500 வாட் இயந்திரம் நம் 230 வோல்ட் இணைப்பில் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டக் கூடாது. மிக்ஸிக்கும் இதற்குமாக ஒரே நீட்டிப்புப் பெட்டியைப் பயன்படுத்துவதும், பெரிய பிளக்கை மாற்றி மாட்டும் அடாப்டரும் வேண்டாம். 16 ஆம்பியர் சாக்கெட்டிலேயே மாட்டுங்கள். சமைத்து முடித்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

பின்பக்கத் துவாரங்கள் வழியே சூடான காற்று வெளியேறும் என்பதால், சுவருக்கும் இயந்திரத்துக்கும் குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். அதே துவாரங்கள் கரப்பான் பூச்சிக்கு வாசலும்கூட. கதகதப்பும் எண்ணெய் வாடையும் இருக்கும் இடம் அதற்குச் சொர்க்கம். இயந்திரம் முழுவதும் ஆறிய பிறகு துணி உறை போட்டு மூடுங்கள், வெளிப்புறத்தை வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடையுங்கள். பூச்சி மருந்தை மட்டும் துவாரத்துக்குள் அடித்துவிடாதீர்கள். அந்தக் காற்றில்தான் நாளை உங்கள் சாப்பாடு வேகப்போகிறது.

கூடை உரிந்துபோனால்

ஓரிரு கீறல்கள் இருந்தால் மரக்கரண்டி, சிலிக்கான் இடுக்கி என்று மாறிக்கொண்டு தொடரலாம். பூச்சு செதில் செதிலாக உரியத் தொடங்கினால் கூடையை மாற்றிவிடுங்கள். இயந்திரத்தையே தூக்கிப்போட வேண்டியதில்லை. பல நிறுவனங்கள் கூடையையும் ஓட்டைத் தட்டையும் உதிரி பாகமாகத் தனியாக விற்கின்றன. அதற்கு மாடல் எண் வேண்டும். அது பெரும்பாலும் இயந்திரத்தின் அடியிலோ பின்பக்கத்திலோ ஒட்டிய சீட்டில்தான் இருக்கும். பிசுக்குப் பட்டு எழுத்து அழிவதற்கு முன், காயிலைத் துடைக்கக் கவிழ்த்துவைக்கும் அன்றைக்கே அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.