மழைக்கு நிற்கும் மை வெயிலுக்கு நிற்குமா? அச்சுப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை தாராவியின் 90 அடி ரோட்டில், வெயில் விழும் பக்கமுள்ள பழைய சலூன் கதவுகளைப் பாருங்கள். முடிவெட்டு ஸ்டைல் படங்களில் முகமெல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். அங்கே நீலம் கூடவில்லை. கலர் அச்சின் நான்கு மைகளில் மெஜந்தாவும் (ஊதா கலந்த சிவப்பு) மஞ்சளும் வெளுத்துப்போய், சயானும் (பச்சை கலந்த நீலம்) கறுப்பும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

மையின் ஒளி தாங்கும் திறனை, நீலச் சாயமிட்ட கம்பளித் துண்டுகளோடு ஒப்பிடும் புளூ வுல் அளவுகோலில் 1 முதல் 8 வரை சொல்வார்கள். 8 தான் உச்சம். ஒரு படி ஏறினால், மங்குவதற்கு எடுக்கும் காலம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். போஸ்டர் அச்சடிக்கும் பிரஸ்களின் வழக்கமான ஆஃப்செட் மைகளில் சயானும் கறுப்பும் உச்சத்தை ஒட்டி நிற்கும். மெஜந்தாவும் மஞ்சளும் பெரும்பாலும் 5-ஐ ஒட்டியே இருக்கும். எனவே போஸ்டரைக் கண்ணாடியில் ஒட்டப் போகிறீர்கள் என்றால், ஆர்டர் கொடுக்கும்போதே பிரஸ்ஸில் சொல்லிவிடுங்கள். ஒளி தாங்கும் மெஜந்தா, மஞ்சள் மைகளைத் தனியாகத்தான் வரவழைக்க வேண்டும். அச்சான பிறகு சொல்லிப் பயனில்லை.

ஈர விரலால் தேய்த்துப் பார்த்து, "கெட்டி மைதான்" என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. தண்ணீர் தாங்குவது வேறு, வெளிச்சம் தாங்குவது வேறு. சரியாகச் சோதிக்க, பிரிண்டின் ஒரு துண்டில் பாதியை அலுமினியத் தாளால் மூடி, மேற்குப் பார்த்த ஜன்னலில் படம் வெளிப்பக்கம் தெரியும்படி ஒட்டுங்கள். ஏப்ரல், மே வெயிலில் நான்கு வாரம் விட்டு, தாளை எடுத்தால் இரண்டு பாதிகளும் உண்மையைச் சொல்லிவிடும். சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டு இங்க்ஜெட்டில் டை இங்க், பிக்மென்ட் இங்க் என்று இரண்டு வகை. டை இங்க் முழுக்கக் கரைந்த சாயம். பளிச்சென்று இருக்கும், சீக்கிரம் மங்கும். பிக்மென்ட் நுண்துகள்களால் ஆனது. துகளின் மேற்புறம் அடிபட்டாலும் உட்புறம் தப்பிக்கும். அதற்காக மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் பிக்மென்ட் பாட்டில் வாங்கி டை பிரிண்டரில் ஊற்றிவிடாதீர்கள், மை பீய்ச்சும் ஹெட் அடைத்துக்கொள்ளும். உடனே உலரும் போட்டோ பேப்பரில் நுண்துளைகள் அதிகம். அதில் டை இங்க்கில் எடுத்த படத்தைத் திறந்தபடி மாட்டினால், காற்றிலுள்ள ஓசோன் உள்ளே புகுந்து நிழலிலேயே வெளுக்க வைக்கும். கண்ணாடி ஃபிரேம் அவசியம்.

ஆனால் பிரிண்ட் எடுத்த கையோடு ஃபிரேம் போடக்கூடாது. மையிலுள்ள கிளைக்கால் (glycol) என்ற கரைப்பான் ஆவியாகிக் கண்ணாடியின் உள்பக்கம் பனிபோலப் படியும். மேலே வெள்ளைத் தாள் போட்டு, குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். படம் கண்ணாடியைத் தொடவும் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மும்பை ஈரத்தில் அது ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படத்தின் மேல்தோல் உரிந்து வரும். இடையில், படத்தைச் சுற்றி விளிம்பாக வரும் 2 மில்லிமீட்டர் கெட்டி அட்டையான மவுன்ட் போர்டு வையுங்கள். மழைச் சாரல் அடிக்கும் மேற்குச் சுவரைத் தவிர்க்க முடியாவிட்டால், ஃபிரேமின் பின்பக்க மூலைகளில் ரப்பர் துண்டுகளை ஒட்டிக் காற்றுக்கு இடம் விடுங்கள்.

சாதாரண லேமினேஷன் ஈரத்தையும் அழுக்கையும் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. ஒருமுறை போட்டால் பிரிக்கவும் முடியாது. அசல் கல்யாண போட்டோவுக்கு வேண்டவே வேண்டாம்.

பிவிசி கவரில் வைத்த லேசர் பிரிண்டின் எழுத்து கவரிலேயே ஒட்டிக்கொண்டு வரும். பாலிபுரோப்பிலீன் என்ற வேறு வகை பிளாஸ்டிக் கவர் கேட்டு வாங்குங்கள். சூட்டால் எழுத்து தோன்றும் தெர்மல் பில் தானே மங்கிவிடும்; வாரண்டிக்கு வேண்டியதை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

இருட்டில் இருந்தால் பத்திரம் என்று 1970, 80-களின் கலர் போட்டோக்களைப் பரணில் போட்டுவைப்பவர்கள் உண்டு. அந்தக் காலப் படங்கள் பலவற்றில் சயான் சாயம் இருட்டிலேயே சிதையும். சூடும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். அதனால்தான் பெட்டியைத் திறந்தால் எல்லார் முகமும் சிவந்திருக்கிறது. தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரணிலிருந்து அவற்றை இன்றே இறக்கி, முகம் இன்னும் தெரியும்போதே 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள்.