மார்பகம் காக்கும் அறுவைச் சிகிச்சை: எங்கெங்கே தவறுகிறோம்?

பயாப்சியில் மார்பகப் புற்றுநோய் என்று வந்துவிட்டது. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவையும் மட்டும் எடுத்தால் போதும், மார்பகத்தைக் காப்பாற்றலாம் என்கிறார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் சொல்வது: "எதுக்கு வம்பு? முழுசா எடுத்துடும்மா." அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

முழுவதும் எடுத்தால்தான் உயிருக்குப் பாதுகாப்பு என்ற எண்ணத்தை 1970களிலேயே சோதித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இத்தாலியில் வெரோனேசி, அமெரிக்காவில் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவர்கள் நடத்திய இரண்டு பெரிய ஆய்வுகளில் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மார்பகத்தை முழுதாக எடுத்தவர்களுக்கும், கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் உயிர் பிழைத்திருப்பதில் வேறுபாடு இல்லை. காரணம் எளிது. உயிரைப் பறிப்பது மார்பில் உள்ள கட்டி அல்ல. அங்கிருந்து புறப்பட்டு எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று போய்த் தங்கும் செல்கள். ஏற்கெனவே வெளியே போய்விட்ட அந்தச் செல்களை மார்பகத்தை எடுப்பதால் ஒன்றும் செய்ய முடியாது. அவற்றைத் தேடி அழிப்பது மருந்தின் வேலை.

அதற்காக எல்லாருக்கும் இந்த அறுவை பொருந்தும் என்று நினைத்துவிடவும் கூடாது. மார்பகத்தின் பல பகுதிகளில் நோய் பரவலாக இருந்தால், மார்பு முழுக்கச் சிவந்து வீங்கும் அழற்சி வகைப் புற்றுநோயாக இருந்தால், அதே பக்க மார்பில் முன்பே கதிர்வீச்சு வாங்கியிருந்தால் பொதுவாக முழு அகற்றலே சரி. கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பதைவிட, மார்பகத்தின் அளவோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரியது என்பதே முக்கியம். பெரிதாக இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுவை செய்யலாம். அப்படியானால் கீமோவுக்கு முன்பே கட்டிக்குள் எள்ளளவு உலோக அடையாளம் ஒன்றை வைக்க வேண்டும். மருந்தில் கட்டி முழுதாகக் கரைந்துபோனால், எந்த இடத்தை வெட்டுவது என்று காட்ட அது ஒன்றுதான் மிஞ்சும். "அடையாளம் வைத்தாயிற்றா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மா வழியை மட்டும் சொல்லி அத்தை, அப்பாயி பக்கத்தை விட்டுவிடுகிறோம். மரபணுக் கோளாறு அப்பா வழியிலும் அதே அளவு இறங்கும்.

எல்லாவற்றிலும் கனமான தவறு ஒன்று உண்டு: "கட்டியைத்தான் எடுத்தாச்சே" என்று கதிர்வீச்சைத் தவிர்ப்பது, அல்லது பாதியில் நிறுத்துவது. ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 20 ஆண்டுகளில் 39 விழுக்காட்டினருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. பெற்றவர்களில் 14 விழுக்காடு. இன்றைய மருந்துகளால் இரண்டு எண்களுமே குறைந்திருக்கின்றன, ஆனால் இடைவெளி இருக்கவே செய்கிறது. கண்ணுக்கோ ஸ்கேனுக்கோ தெரியாத செல்கள் எஞ்சிய மார்பகத்தில் இருக்கலாம். கத்தி விட்டதைக் கதிர் எடுக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் சிகிச்சை. வயது 65, 70 தாண்டி, கட்டி சிறியதாக, நிணநீர் முடிச்சுக்குப் பரவாமல், ஹார்மோனால் வளரும் வகையாக இருந்து, அதற்கான ஹார்மோன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுபவர்களுக்கு மட்டும் கதிர்வீச்சு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும்.

முன்பு 5 வாரம் என்றிருந்தது இப்போது பலருக்கு 3 வாரமே, வாரத்துக்கு 5 நாள், 15 அல்லது 16 தடவை. சிலருக்கு ஒரே வாரத்தில் 5 தடவையோடு முடிகிறது. நடுவில் தீபாவளி, ஊரில் கல்யாணம், சென்னைக்கு டிக்கெட் என்று இடைவெளி விட்டால் எஞ்சிய செல்கள் மீண்டும் பெருக நேரம் கிடைத்துவிடும். பயணத்தைத்தான் தள்ளிப்போட வேண்டும். இன்னொன்று, வெளியிலிருந்து இயந்திரம் பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். குழந்தையைத் தள்ளிவைத்துவிட்டுத் தனியறையில் ஒடுங்கிக் கிடக்க வேண்டியதே இல்லை.

அறுவைக்கு முன்பு இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் தாமாக நிறுத்தக்கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. மீனெண்ணெய், மஞ்சள் கேப்சூல், பூண்டு கேப்சூல், ஜின்செங் எல்லாவற்றையும் பட்டியலில் சேருங்கள்; இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. சமையலில் போடும் மஞ்சளால் ஒன்றும் இல்லை. தாலியை அறுவைக் கூடத்தில் கழற்றச் சொல்வார்கள், ஏனெனில் மின்கத்தி பயன்படுத்தும்போது உலோகம் பட்ட இடம் சுடக்கூடும். மனம் ஒப்பாவிட்டால் முந்தின நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். கயிற்றையும் எங்கே வைப்பது என்று தாதியிடம் கேட்டுவிடுங்கள். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் செலுத்தியிருந்தால் ஓரிரு நாள் சிறுநீர் பச்சையாகப் போகும். பயப்பட வேண்டாம்.

எடுத்த திசுவின் ஓரங்களில் மை பூசி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பால்நாளத்தைத் தாண்டிப் பரவும் புற்றுநோய் என்றால், மையின் மேல் புற்றுச்செல் இல்லாதிருந்தால் போதும். பால்நாளத்துக்குள்ளேயே அடங்கிய வகைக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஓரத்தில் செல் இருந்தால் இன்னொரு சிறிய அறுவை வரும். அப்படி வந்தால் முதல் மருத்துவர் கோட்டைவிட்டுவிட்டார் என்று கோபப்பட்டு வேறு இடம் தேடி வாரங்களைக் கரைக்காதீர்கள். வெட்டும்போது கண்ணால் காண முடியாத ஓரத்தை அறிக்கைதான் காட்டும். அறிக்கையின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

செலவு விஷயத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. சிங்கப்பூரில் அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணம் வேண்டுமென்றால் பலதுறை மருந்தகம் அல்லது சாஸ் (CHAS) மானியத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போக வேண்டும். கதிர்வீச்சுக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு), மெடிஷீல்டு லைஃப் (தேசிய மருத்துவக் காப்புறுதி) இரண்டிலும் வரம்புக்குள் கேட்கலாம். பணக்கவலையால் சிகிச்சையை ஒத்திவைக்கும் முன் மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபின் கையை அசைக்காமல் மடக்கியே வைத்திருப்பது பலர் செய்யும் பிழை. கதிர்வீச்சின்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுக்க வேண்டும். தோள் இறுகிவிட்டால் கதிர்வீச்சே தாமதமாகும். எனவே சொல்லிக்கொடுத்த பயிற்சியை உடனே தொடங்குங்கள். ஆனால் வீவக அடுக்குமாடி வீட்டு ஜன்னலில் ஈரத்துணி நிறைந்த மூங்கில் கழியைத் தூக்கிச் செருகும் வேலையைச் சில வாரங்களுக்கு வேறு யாராவது பார்க்கட்டும். தையலில் மஞ்சள் பற்று, வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். கதிர்வீச்சு நாட்களில் மிதமான சோப்பும், அங்கே பரிந்துரைத்த களிம்பும் போதும். வெட்டிய இடத்தில் நீர் கோத்து மெத்தென்று இருப்பது வழக்கமே; ஆனால் 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

ஹார்மோன் மாத்திரை பெரும்பாலும் 5 ஆண்டு, சிலருக்கு 10. உடம்பு தகிக்கிறது, மூட்டு வலிக்கிறது என்று சொல்லாமல் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. சொன்னால் மாற்று மருந்து உண்டு. மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) ஆண்டுக்கொரு முறை, இரண்டு பக்கமும். கதிர்வீச்சு முடிந்து 6 முதல் 12 மாதத்துக்குள் முதலாவது. அன்று காலை பவுடர், அக்குளில் பூசும் வாசனை உருளை எதுவும் பூசாமல் போங்கள், அவற்றின் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிபோல் தெரியும். வேறு இடத்தில் எடுத்த பழைய படங்கள் இருந்தால் அவற்றையும் கொண்டு செல்லுங்கள்: தழும்பு இறுகியதா, புதிதாக ஏதும் முளைத்ததா என்பதை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.