யூரிக் அமிலத்தைத் தின்னும் பூஞ்சை: தட்டில் பார்ப்பது எப்படி

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் மொட்டை மாடிப் புறாக் கூண்டுகளுக்கு அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அது பெரும்பாலும் யூரிக் அமிலம். பியூரின் என்ற நைட்ரஜன் நிறைந்த சேர்ம வகை. பூஞ்சைகள் பலவற்றுக்கு அது நல்ல நைட்ரஜன் தீனி. அதற்காக எச்சத்தைச் சுரண்டி லேபுக்குக் கொண்டு போகாதீர்கள். அதில் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் என்கிற நோய்ப் பூஞ்சை இருக்கலாம், தூசியோடு நுரையீரலுக்குள் போய் மூளை வரை தொல்லை தரும். பாட்டிலில் வரும் சுத்தமான யூரிக் அமிலமே போதும்.

பூஞ்சைக்கு ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸை எடுங்கள். பேக்கரி ஈஸ்ட் வேண்டாம், அதற்கு யூரிக் அமிலத்தை உடைக்கத் தெரியாது. குளுக்கோஸ், பாஸ்பேட், மெக்னீசியம் உப்பு, அகார் போட்டு மினிமல் மீடியம் (அத்தியாவசியச் சத்து மட்டும் உள்ள வளர்ப்பு ஊடகம்) தயாரியுங்கள், நைட்ரஜன் மட்டும் இப்போது வேண்டாம். குளுக்கோஸ் கட்டாயம், ஏனென்றால் பியூரினிலிருந்து இது எடுத்துக்கொள்வது நைட்ரஜனை மட்டும்தான். டிரேஸ் எலிமென்ட் (துளியளவு உலோக உப்புகள்) கரைசலையும் விட்டுவிடாதீர்கள், கடைசிப் படியில் யூரியாவை உடைக்கும் யூரியேஸ் என்ற நொதிக்கு நிக்கல் வேண்டும்.

இதை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் அம்மோனியம் டார்ட்ரேட் (ஒப்பிட, பூஞ்சைக்கு எளிதான நைட்ரஜன்), ஒன்றில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் யூரிக் அமிலம், இன்னொன்றில் எதுவும் வேண்டாம். யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது, கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்துச் சேர்த்துவிட்டு பி.எச். 6.5க்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் பெட்ரி தட்டுகளில் ஊற்றி, ஸ்போர் (பூஞ்சையின் வித்து) வைத்து 37 டிகிரியில் இரண்டு நாள்.

நைட்ரஜன் இல்லாத தட்டிலும் ஏதோ வளர்ந்திருக்கும், பயப்பட வேண்டாம். படர்ந்த வட்டத்தின் விட்டத்தை மட்டும் அளந்தால் ஏமாந்து போவீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: அங்கே நூல் நூலாக, பின்னால் இருக்கும் விரல் தெரிகிற அளவுக்கு மெலிசாகப் படர்ந்திருக்கும். யூரிக் அமிலத் தட்டில் அடர்த்தியாகி, பச்சை ஸ்போர் போர்த்தியிருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். யூஏபிஏ என்கிற புரதம் யூரிக் அமிலத்தை செல்லுக்குள் இழுக்கிறது. அது அலண்டாயின், அலண்டாயிக் அமிலம், யூரியா என்று உடைந்து அம்மோனியாவாகிறது. ஒரு மூலக்கூறில் 4 நைட்ரஜன், நாலும் வீணாகாது. அம்மோனியம் கிடைத்துவிட்டால் பூஞ்சை இந்த வேலையையே நிறுத்திவிடும், யூஏபிஏவைக்கூட சவ்விலிருந்து உள்ளே இழுத்து அழித்துவிடும். அதனால் யூரிக் அமிலத் தட்டில் அம்மோனியம் துளிகூடச் சேரக் கூடாது.

இது சரியாக வந்தால் ஹைப்போசாந்தின் (செல்லுக்குள் யூரிக் அமிலமாக மாறும் இன்னொரு பியூரின்) தட்டு ஒன்று, யூரிக் அமிலத் தட்டு ஒன்று, இரண்டிலும் கவுட் என்ற மூட்டுவலி நோய்க்குக் கொடுக்கும் அலோபியூரினால் மருந்தைச் சேருங்கள். மாத்திரையில் வேறு சரக்கும் கலந்திருக்கும், சுத்தமான பொடியாக வாங்குங்கள். முதல் தட்டில் வளர்ச்சி படுத்துவிடும், இரண்டாவதில் ஒன்றும் ஆகாது. மருந்து அடைக்கிற படி யூரிக் அமிலத்துக்கு முன்னாலேயே இருக்கிறது.