டோட்டல் லாஸ் காரை உதிரிபாகத்திற்கோ பழுதுபார்ப்பிற்கோ வாங்குவது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கிய காரைச் சரிசெய்ய ஆகும் செலவு அந்தக் காரின் மதிப்பை நெருங்கிவிட்டால், காப்பீட்டு நிறுவனம் அதைப் பழுதுபார்ப்பதில்லை. உரிமையாளருக்கு இழப்பீட்டைக் கொடுத்து, காரை டோட்டல் லாஸ் என்று அறிவித்து, பெரும்பாலும் ஏலத்தில் விற்றுவிடுகிறது. இதற்கான வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் பழுதுச் செலவு ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கமான அளவுகோலாக இருக்கிறது. அமெரிக்காவில் மாநிலத்திற்கு ஒரு விதி.

இது அடிப்படையில் ஒரு பணக் கணக்கு என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சேதத்தைக் கணக்கிடும் காப்பீட்டு சர்வேயர் போடும் மதிப்பீட்டில் புதிய பாகங்களின் விலையும் பெரிய பட்டறையின் கூலியும் இருக்கும். பழைய பாகங்களைத் தேடிப் பொருத்தி, வேலையின் ஒரு பகுதியைத் தாமே செய்பவருக்கு அதே கார் கட்டுப்படியாகலாம். ஆனால் உடற்கூடே சிதைந்து, இனி யாரும் பாதுகாப்பாக ஓட்ட முடியாத நிலையில் கைவிடப்பட்ட கார்களும் அதே ஏலத்தில், அதே வரிசையில் நிற்கின்றன. இந்தக் கார் ஏன் கைவிடப்பட்டது என்ற கேள்விக்குத் திருப்தியான விடை கிடைக்கும் வரை பணத்தை வெளியே எடுக்காதீர்கள். கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த விடையைத் தேடும் வழிகளே.

முதல் படி: நோக்கத்தை முடிவு செய்தல்

உதிரிபாகத்திற்காக வாங்குபவர் பார்க்க வேண்டியது அடிபடாத பக்கத்தை. பழுதுபார்த்து ஓட்ட வாங்குபவர் பார்க்க வேண்டியது அடிபட்ட பக்கத்தை. முன்புறம் முழுவதும் நொறுங்கிய கார், பின் கதவுகள், இருக்கைகள், டிக்கி மூடி, பின் அச்சு ஆகியவை தேவைப்படுபவருக்கு நல்ல வாங்கல்; ஓட்ட நினைப்பவருக்கு அது தீராத செலவு. "வாங்கிப் பார்ப்போம், சரிசெய்ய முடியாவிட்டால் பிரித்து விற்போம்" என்ற எண்ணத்தோடு ஏலத்திற்குப் போகாதீர்கள், ஏனெனில் இரண்டு நோக்கங்களுக்கும் கொடுக்கத்தக்க விலை வெவ்வேறு.

இந்த வேலைக்குப் புதியவர் என்றால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் காரின் அதே மாடலை உதிரிபாகத்திற்காக வாங்கித் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. பிரிக்கும்போது கற்றுக்கொள்ளலாம், ஒரு கிளிப் உடைந்தாலும் யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லை. பழுதுபார்ப்பதற்கு என்றால், ஆலங்கட்டி மழையில் தகடு மட்டும் குழிந்த கார், திருடுபோய்ச் சில பாகங்கள் கழற்றப்பட்ட நிலையில் மீட்கப்பட்ட கார், ஏர்பேக் வெடிக்காத அளவுக்கு மெதுவாக மோதிய கார் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் படி: வகைப்பாட்டையும் ஆவணங்களையும் சரிபார்த்தல்

பல நாடுகளில் டோட்டல் லாஸ் கார்களுக்கு அதிகாரபூர்வமான வகைப்பாடு உண்டு. பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் ஏ, பி, எஸ், என் என்ற நான்கு வகைகள் நடைமுறையில் உள்ளன. ஏ வகைக் காரை முழுவதுமாக நசுக்கிவிட வேண்டும், ஒரு பாகத்தைக்கூட எடுக்கக் கூடாது. பி வகையில் பாகங்களை எடுக்கலாம், உடற்கூட்டை மட்டும் அழித்துவிட வேண்டும். எஸ் என்பது கட்டமைப்பு பாதிக்கப்பட்டும் பழுதுபார்க்கத்தக்க கார். என் என்பது கட்டமைப்பு பாதிக்கப்படாதது. என் வகை என்றதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்; பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கட்டமைப்பில் சேராது என்பதால், அவை பழுதான காரும் அதே வகையில் வரலாம். ஆஸ்திரேலியாவில் மீண்டும் பதிவு செய்யவே முடியாத வகை ஒன்று, பழுதுபார்க்கத்தக்க வகை ஒன்று என இரண்டு உண்டு. அமெரிக்காவில் சால்வேஜ் என்று குறிக்கப்பட்ட உரிமைச் சான்று, பழுதுபார்த்துச் சோதனையில் தேறிய பிறகு ரீபில்ட் என்று மாறுகிறது. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

எங்கே வாங்கினாலும், இந்தக் காரை மீண்டும் என் பெயரில் பதிவு செய்து சாலையில் ஓட்ட முடியுமா, அதற்கு என்னென்ன சோதனைகள், எந்தக் காப்பீட்டு நிறுவனமாவது இதற்குப் பாலிசி தருமா என்ற மூன்று கேள்விகளுக்கும் உங்கள் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு முகவரிடமும் முன்கூட்டியே விடை வாங்கிவிடுங்கள். கடன் பாக்கியும் வழக்கும் இல்லை என்பதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள்.

அடுத்து சேஸிஸ் எண். 1980களுக்குப் பிந்தைய பெரும்பாலான கார்களில் இது 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. 1, 0 ஆகிய எண்களோடு குழப்பம் வராமல் இருக்க ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ எழுத்துகள் இதில் இடம்பெறுவதில்லை. முன் கண்ணாடியின் அடியில், கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில், உடற்கூட்டில் பொறித்த இடத்தில் என மூன்று இடங்களிலும் படித்து, ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பொறித்த இடத்தைச் சுற்றிப் புது வெல்டிங்கோ உரசிய தடமோ இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். டோட்டல் லாஸ் காரின் எண்ணை வெட்டித் திருட்டுக் காரில் பொருத்துவது உலகெங்கும் நடக்கும் மோசடி.

மூன்றாம் படி: நேரில் பரிசோதித்தல்

படங்களை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். டார்ச், அளவு நாடா, காந்தம், காரின் கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர், கையுறை ஆகியவற்றோடு போங்கள். முடிந்தால் டிங்கரிங் வேலை தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் சேதம்தான் பெரும்பாலும் மலிவான சேதம். பம்பர், பானெட், ஃபெண்டர் எல்லாம் கழற்றி மாற்றும் பாகங்கள். இன்றைய பெரும்பாலான கார்களில் தனி சேஸிஸ் கிடையாது. மடித்த தகடுகளை வெல்டு செய்த உடற்கூடே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. மோதலின் விசையை வாங்கிக்கொண்டு மடியும்படியே அதன் முன் பகுதியும் பின் பகுதியும் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே பம்பருக்குப் பின்னால் எஞ்சினின் இருபுறமும் ஓடும் நீளமான சட்டங்களையும், ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் கோபுரப் பகுதியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டில் சுருக்கம், இணைப்புகளில் பூசிய சீலன்ட்டில் விரிசல், வெல்டிங் புள்ளிகளுக்கு அருகே உதிர்ந்த பெயின்ட் ஆகியவை விசை உள்ளே வரை சென்றதைக் காட்டும்.

பிறகு நான்கு கதவுகளையும் திறந்து மூடுங்கள். கதவுக்கும் ஃபெண்டருக்கும் இடையிலான இடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் கூடு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பின் சக்கரத்தின் மையம் வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ரெனோ 4 போன்ற சில பழைய கார்களில் வடிவமைப்பிலேயே இரு பக்கமும் வேறுபடும். மற்றபடி இந்த அளவுகள் ஒத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் தெளிவாகக் குறைந்தால், சஸ்பென்ஷன் மட்டுமே வளைந்ததா, அது பொருந்தும் இடமே பின்னுக்குத் தள்ளப்பட்டதா என்பதைக் கண்டறியாமல் விலை பேசாதீர்கள்.

முந்தைய விபத்தின் தடத்தையும் தேடுங்கள். ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் அது ஒருமுறை கழற்றப்பட்டது. காந்தம் இரும்புத் தகட்டில் ஒட்டாமல் நழுவும் இடத்தில், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி தடிமனாக இருக்கிறது. பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஏர்பேக்கைத் தனியாகப் பாருங்கள், ஏனெனில் பல கார்கள் கைவிடப்படுவதற்கு அதுவே காரணம். வெடித்தவை எத்தனை என்று எண்ணுங்கள். கூரை ஓரத்திலும் இருக்கையின் பக்கவாட்டிலும் இருப்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏர்பேக்கோடு டேஷ்போர்டு, கட்டுப்பாட்டுப் பெட்டி, மோதலில் இறுகிய சீட் பெல்ட்டுகள் ஆகியவற்றையும் மாற்ற வேண்டி வரும். ஏர்பேக் விளக்கு, சாவியைத் திருப்பியதும் எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். தொடர்ந்து எரிந்தால் பழுது இருக்கிறது. எரியவே இல்லை என்றால் பழுதை மறைக்க யாரோ விளக்கைத் துண்டித்திருக்கலாம். அது இன்னும் மோசம்.

வெள்ளத்தில் நின்ற காரை அடையாளம் காண, சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். இருக்கையையும் விரிப்பையும் கழுவிக் காயவைத்தவர்கள், சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டின் கடைசிப் பகுதியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அங்கே சேறு படிந்த கோடு அப்படியே இருக்கும். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தில் வண்டல், விரிப்புக்கு அடியில் இருக்கும் ஒயர் இணைப்புகளில் பச்சை நிறப் படிவு ஆகியவையும் சாட்சி சொல்லும். எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிய நிலையில் ஸ்டார்ட் செய்யப்பட்டிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கக்கூடும். வெள்ளக் காரை ஓட்டுவதற்காக வாங்க வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன். ஒயரிங் பழுது பல மாதங்கள் கழித்து, ஓடும் சாலையில் தலைகாட்டும். கதவு, கண்ணாடி, சக்கரம் போன்ற பாகங்களுக்காக என்றால் வாங்கலாம்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் என்று ஏல விவரத்தில் இருந்தால், கொண்டுவந்த நாளில் ஸ்டார்ட் ஆனது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. முன்பக்கம் மோதி ரேடியேட்டர் உடைந்த காரைக் கூலன்ட் இல்லாமல் ஓட்டியிருந்தால் எஞ்சின் சூடேறிக் கெட்டிருக்கும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணிறக் கசடு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனரில் பழுதுக் குறியீடு எதுவும் இல்லாமல், சுயசோதனைகள் மட்டும் முடிவடையாதவை என்று காட்டினால், பேட்டரி துண்டிக்கப்பட்டிருக்கலாம் அல்லது குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம்.

ஹைப்ரிட், மின்சாரக் கார்களைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். ஆரஞ்சு நிற கேபிள்களில் பல நூறு வோல்ட் மின்சாரம் ஓடும்; அடிபட்ட லித்தியம் பேட்டரி, மோதி நாட்கள் கழித்தும் தானாகத் தீப்பிடிக்கக்கூடும்.

நான்காம் படி: உச்ச விலையைக் கணக்கிடுதல்

ஏலத்திற்குப் போகும் முன்பே இந்தக் கணக்கைத் தாளில் எழுதுங்கள். அடிபடாத அதே வயதுக் காரின் சந்தை மதிப்பை 100 என்று வைத்துக்கொள்வோம். பழுதுபார்த்து முடித்தாலும் டோட்டல் லாஸ் வரலாறு ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் அது 100க்கு விலைபோகாது. எடுத்துக்காட்டாக 70 என்று கொள்வோம். அதிலிருந்து பாகங்களுக்கு 20, கூலிக்கும் பெயின்ட்டுக்கும் 12, ஏலக் கட்டணம், இழுவை, சோதனை, பதிவு ஆகியவற்றுக்கு 8 கழித்தால் மீதி 30. பிரித்த பிறகு வெளிப்படும் சேதத்திற்காக, பாகமும் கூலியும் சேர்ந்த 32இல் கால் பங்கான 8ஐயும் ஒதுக்கினால் 22 கிடைக்கும். சொந்த உபயோகத்திற்கு அதுவே உங்கள் உச்ச விலை. விற்பதற்கு என்றால் இலாபத்தையும் கழித்துவிட்டு ஏலம் கேளுங்கள். இந்த விகிதங்கள் மாடலுக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும். கழிக்கும் முறை மாறாது.

உதிரிபாகத்திற்கு என்றால் கணக்கு வேறு: உங்களுக்குத் தேவையான அல்லது உறுதியாக விற்கக்கூடிய பாகங்களின் பழைய விலையை மட்டும் கூட்டுங்கள். "இதுவும் ஒருநாள் விற்கும்" என்று தோன்றுபவற்றுக்கு மதிப்புப் போடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஏலம் கேட்டுக் கொண்டுவருதல்

1982இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட கோபார்ட் போன்ற நிறுவனங்கள் இணையத்திலேயே இத்தகைய ஏலங்களை நடத்துகின்றன. காப்பீட்டு நிறுவனங்கள் நேரடியாகவும் விற்பதுண்டு. கார் உள்ளது உள்ளபடியே விற்கப்படும். பிறகு குறை சொல்லித் திருப்பித் தர முடியாது. வாங்குபவர் கட்டணம் குறைந்த விலைக் கார்களில் கணிசமான பங்காக அமைந்துவிடும். குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் நாள் வாடகை ஏறும் என்பதால், இழுவை வண்டியையும் நிறுத்தும் இடத்தையும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். சாவி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஆறாம் படி: பழுதுபார்த்தல்

எதையும் வாங்கும் முன் அடிபட்ட பகுதியை முழுவதும் பிரித்து, மாற்ற வேண்டியவற்றின் பட்டியலைப் பாக எண்ணோடு எழுதுங்கள். முதலில் உடற்கூட்டை அளவு மேடையில் ஏற்றித் தயாரிப்பாளரின் அளவுகளோடு ஒப்பிட்டு நேராக்க வேண்டும். இதைத் தகுதியான பட்டறையில் மட்டுமே செய்யுங்கள். தூண்களிலும் சட்டங்களிலும் உள்ள மிகை வலுவுள்ள எஃகைச் சூடாக்கி நிமிர்த்தினால் வலிமை போய்விடும். தயாரிப்பாளர் சொல்லும் இடத்தில் வெட்டி மாற்றுவதே முறை. அதன் பிறகு சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக், பிறகு ஏர்பேக், கடைசியில்தான் பெயின்ட். ஏர்பேக் ஒயரைத் தொடும் முன் பேட்டரியைத் துண்டித்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். பழைய ஏர்பேக்கையும், மோதலில் இறுகிய சீட் பெல்ட்டையும் பொருத்தவே வேண்டாம். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். பதிவுச் சோதனையில் பாகங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கக்கூடும், பின்னாளில் வாங்குபவருக்கும் இந்த வரலாற்றை மறைக்காமல் காட்ட வேண்டும்.

ஏழாம் படி: உதிரிபாகத்திற்காகப் பிரித்தல்

பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல், ஆயில், கூலன்ட், பிரேக் திரவம் ஆகியவற்றைத் தனித்தனிக் கலன்களில் வடித்துக்கொள்ளுங்கள். ஏசி வாயுவைக் காற்றில் விடாமல் உரிய கருவி உள்ளவரிடம் கொடுத்து எடுத்துவிடுங்கள். பிறகு உள்ளலங்காரம், கண்ணாடி, கதவுகள், இறுதியாக எஞ்சினும் கியர்பாக்ஸும் என்ற வரிசையில் பிரியுங்கள். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

கழற்றிய போல்ட்டுகளை அந்தந்தப் பாகத்தோடு பையில் போட்டு, மாடல் ஆண்டையும் பாக எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். எஞ்சின் கணினி, சாவி, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் ஆகியவை பெரும்பாலான கார்களில் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. அவற்றைப் பிரிக்காமல் ஒரே தொகுப்பாக வையுங்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால் அதைப் பழைய இரும்பு விலைக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கியதற்கான ஆவணத்தோடு, உரிமம் பெற்றவரிடம் மட்டும் விற்கவும். டைமிங் பெல்ட், பிரேக் பேட், ஹெட் போல்ட் ஆகியவற்றை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

மிஞ்சிய கூட்டை அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, அழிப்புச் சான்றிதழைப் பெற்று, பதிவை இரத்து செய்யுங்கள். அதுவரை சேஸிஸ் எண் உள்ள தகட்டை யாருக்கும் தராதீர்கள். இரத்தான பிறகு அலுவலகம் தரும் ஒப்புகையைப் பாகங்களின் ரசீதுகளோடு சேர்த்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.