பொடக்காளியில் ஓர் அடுப்படி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, அங்கே ஓர் அடுப்படி கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் செய்வது கைபேசியில் படம் பார்ப்பதுதான். நானும் பார்த்தேன். பளபளக்கும் கிரானைட் மேடை, அதில் பதித்த அடுப்பு, மேலே தொங்கும் விளக்கு. அந்தப் படங்கள் எதிலும் புகை இல்லை, மழையும் இல்லை. உடுமலைப் பக்கம் எங்கள் வீட்டுப் பொடக்காளியில் (உங்கள் ஊரில் புழக்கடை, கொல்லை) இந்த இரண்டுக்கும் குறைவே இல்லை.

அடுப்பை எங்கே வைப்பது என்பதில் சந்தேகமே வரவில்லை. தென்கிழக்கு அக்னி மூலை, நின்று சமைப்பவர் கிழக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கட்டி முடித்த பிறகு வந்து பார்த்த பெரியம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாத்தியா கண்ணு?” பார்க்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் கிளம்பும் மேல்காற்று (மேற்கிலிருந்து அடிக்கும் காற்று) ஆவணி வரைக்கும் விடாது. ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, அடுப்புச் சாம்பல் கட்டாயம் பறக்கும். கிழக்குப் பார்த்து நின்றால் காற்று முதுகில்தானே படும், புகை முன்னால் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகாது. நம் உடம்பே காற்றுக்குத் தடுப்பாக நிற்கிறது; தடுப்புக்கு முன்னால் காற்று சுழல்கிறது; அந்தச் சுழலில் புகை நேராக முகத்துக்கு வருகிறது. மிச்சப் புகை கிழக்கு வீட்டுக் கொடியில் காயும் வேட்டிகளுக்குப் போனது. அந்தக் கதையை விடுங்கள்.

காற்று பக்கவாட்டில் வர வேண்டும். அடுத்த வருடம் அடுப்பை இடித்து வடக்குப் பார்க்கத் திருப்பினோம், காற்று வரும் இடக்கைப் பக்கம் நாலடிக்கு ஒரு சுவர் எழுப்பினோம். புகைத் தொல்லை போயிற்று, விறகுச் செலவும் குறைந்தது. இது எங்கள் ஊர்க் கணக்கு. கடற்கரை ஊர்களில் கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். அங்கே சுவரும் பக்கம் மாறும். கட்டுவதற்கு முன்னால் நினைத்த இடத்தில் மூன்று செங்கல்லை வைத்து, காலையிலும் மாலையிலுமாக ஒரு வாரம் தண்ணீராவது காய்ச்சிப் பாருங்கள். கொத்தனாருக்கு இரண்டாம் தடவை கூலி கொடுப்பது மிச்சம்.

அடுத்தது அடுப்பைக் கட்டும் விதம். கொத்தனார்கள் கை பழக்கத்தில் சிமென்ட் கலவையை எடுத்துவிடுவார்கள். நெருப்பு நேராகப் படும் இடத்தில் சிமென்ட் நிற்காது. இறுகும்போது தனக்குள் பிடித்துக்கொண்ட தண்ணீரை அது சூட்டில் இழந்துவிடும், அப்புறம் விரலால் சுரண்டினாலே உதிரும். உள்பக்கத்துக்குக் களிமண்ணும் மணலும் கலந்த மண்சாந்துதான் சரி. வசதியிருந்தால் ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) வாங்கி உள்ளே வரிசை கட்டலாம். சிமென்ட் பூச்சை வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரம் காயாத புது அடுப்பில் பால் காய்ச்ச அவசரப்பட்டு மூட்டிவிடாதீர்கள். நிழலில் சில நாள் காயவிட்டு, சுள்ளி நெருப்பாக இரண்டு மூன்று முறை மூட்டிப் பழக்க வேண்டும். அடுப்பு வாயைச் சுற்றி அழகுக்குக் கிரானைட் பதிப்பதும் வேண்டாம். ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் குளிர்ந்திருக்கும் கல்லில் சோறு பொங்கி வழிந்தால் போதும், விரிசல் விடும். மேடைக்குக் கிரானைட் நல்லதுதான், நெருப்பிலிருந்து தள்ளி இருந்தால் சரி. விலை குறைவு என்று கடப்பாக் கல் போடுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அது சுண்ணாம்புக் கல். எலுமிச்சையோ புளிக்கரைசலோ சிந்தினால் வெள்ளையாகத் தடம் விழும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

உயரத்தில் எல்லோரும் வழுக்குகிறோம். உள்ளே இருக்கும் மேடை 33 அங்குலம், வெளியேயும் அதே 33 என்று கட்டிவிடுகிறோம். ஆனால் வெளியே யார் ரசம் வைக்கப் போகிறார்கள்? கிடாவெட்டுக்கும் பொங்கலுக்கும் அண்டா ஏற்றத்தானே இந்த அடுப்பு. 33 அங்குல மேடைமேல் 5 அங்குல அடுப்பு, அதன்மேல் 15 அங்குல அண்டா. வாய் விளிம்பு 53 அங்குலத்துக்குப் போய்விட்டது. ஐந்தடி உயரப் பெண்ணுக்கு அது தோளுக்கு மேல். அடி பிடிக்கிறதா என்று எட்டிப் பார்க்கவும் முடியாது, கரண்டியை அழுத்திக் கிண்டவும் முடியாது. பெரிய பாத்திரத்துக்கு முழங்கால் அளவில், 12 முதல் 15 அங்குலத்தில் தனி அடுப்பு ஒன்று போடுங்கள். நறுக்கவும் வைக்கவும் மட்டும் உயர மேடை போதும்.

கேஸ் அடுப்பும் வெளியே வேண்டும் என்றால் சிலிண்டரை மறைத்துக் கட்டும் ஆசையை அடக்குங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பறந்துவிடாது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். நாலு பக்கமும் அடைத்துக் கதவு போட்ட செங்கல் பெட்டிக்குள் தேங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெட்டி கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தரையை ஒட்டிக் காற்றுத் துளைகள் விடுங்கள், விறகடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் ரப்பர் குழாயை, வெளியே அணிலும் எலியும் கடிக்கும் என்பதால், அடிக்கடி கையால் தடவிப் பாருங்கள். காற்று அடித்துச் சுடர் அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். அடுப்பை ஏற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடக் கூடாது.

கூரைக்கு நெகிழித் தகடு, கீற்று இரண்டும் விறகடுப்புக்கு மேலே ஆகாது. ஓடு போட்டு, உச்சியில் புகை போக இடைவெளி விட்டால் போதும். ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் என்பதால் அந்தப் பக்கத் தாழ்வாரத்தை இரண்டரை அடியாவது நீட்டுங்கள். ஆனால் கூரை போட்டுவிட்டால் அது கட்டடம். மனை எல்லையில் விட வேண்டிய இடத்துக்குள் அது வருகிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

தரையை மண்மட்டத்திலிருந்து அரையடி ஏற்றி, வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக எட்டடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுங்கள். வழவழ டைல்ஸும் எண்ணெயும் சேர்ந்தால் இடுப்பு தாங்காது. சொரசொரப்பான சிமென்ட் தரையே மேல். பாத்திரம் கழுவும் தண்ணீர் வாழைக்குப் போகலாம். பக்கத்தில்தானே இருக்கிறது என்று மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் குழாயைச் சேர்த்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொள்ளும், சோப்புத் தண்ணீர் நிலத்தடிக்குப் போகும்.

விறகை அடுப்புக்கு அடியிலேயே அடுக்கும் பழக்கம் நெருப்புக்கும் தேளுக்கும் வசதி. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தனிப் பலகை போட்டு அடுக்குங்கள். கிரைண்டருக்கு வெளியே பிளக் வைத்தால் மழை படாத மூடியும், அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். விளக்கை முதுகுக்குப் பின்னால் மாட்டாதீர்கள், சட்டிக்குள் நம் நிழல்தான் விழும். நேர் மேலேயும் வேண்டாம். முதல் மழைக்கு எங்கள் வீட்டில் ஈசல் வந்தபோது விளக்கு சரியாகக் குழம்புச் சட்டிக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது.